பிள்ளை யாருக்கு? சட்டம் நடந்து வந்த பாதையும் நம்ம கூட்டமைப்பின் ஞாயிற்றுக்கிழமைகளும்



நம்ம சிறப்பு மலருக்கு ஆளாளுக்கு ஒரு விஷயம் எடுத்துக்கிட்டாங்க. ஒருத்தர் சேமிப்பு, ஒருத்தர் உள்கடன், ஒருத்தர் கறவை மாடு. தலைவி அக்கா என்னைப் பார்த்து, "நீ குடும்பப் பிரச்சினை பாக்கிற குழுவுல இத்தனை வருஷமா இருக்க, அதப் பத்தி எழுதேன்" என்றார்கள். குடும்பப் பிரச்சினை என்றால் அது கடல். அதில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். புருஷனும் பொண்டாட்டியும் பிரிந்துவிட்டால் பிள்ளை யாருக்கு? பிள்ளை யாரிடம் இல்லையோ, அவர் பிள்ளையைப் பார்க்கலாமா, கூடாதா?

இந்தக் கேள்வியை நான் தேடிப் போனதற்குக் காரணம் நம்ம தீர்மான நோட்டில் இருக்கும் ஒரு பக்கம். பல வருஷத்துக்கு முன்னால் எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி ஆறு வயசுப் பெண் பிள்ளையோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். புருஷன் பெங்களூரில் கம்பி கட்டுகிற வேலை. குடி, அடி. அவள் பக்கம் நாங்கள் நின்றோம், அதில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் அன்றைக்கு இருந்த கோபத்தில் "குழந்தையின் தகப்பனார் குழந்தையைப் பார்க்க ஊருக்குள் வரக்கூடாது" என்று ஒரு வரி எழுதி, பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். மூன்றாவது கையெழுத்து என்னுடையது. அந்த வரி எழுத எங்களுக்கு அதிகாரம் இருந்ததா என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை.

இருந்ததா, இல்லையா என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் ரொம்ப சுலபம். பிள்ளை அப்பனுக்கு. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பஞ்சாயத்தில் "விதை அவனுது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பெற்றவள் பத்து மாசம் சுமந்தது, பால் கொடுத்தது எல்லாம் கணக்கிலேயே வராது. இது நம்ம ஊர்ப் பழக்கம் மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். நம்மை ஆண்ட வெள்ளைக்காரன் ஊரிலும் சட்டம் அப்படியேதான் இருந்திருக்கிறது. கல்யாணமான பெண்ணுக்கு அங்கே சொந்தமாகச் சொத்து கிடையாது, சம்பாதித்த பணம் கிடையாது, பெற்ற பிள்ளைமேல் பாத்தியதையும் கிடையாது.

அதை அசைத்துப் பார்த்தவர் கரோலின் நார்ட்டன் என்கிற எழுத்தாளர். 1827-ல் கல்யாணம். புருஷன் ஜார்ஜ் நார்ட்டன் வக்கீல், பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர், வீட்டில் அடிக்கிற ஆள். மூன்று ஆண் பிள்ளைகள். 1836-ல் அந்த மனிதர் மூன்று பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கடைசிப் பிள்ளைக்கு மூன்று வயசுகூட முடியவில்லை. அதோடு விடாமல், அப்போது பிரதமராக இருந்த மெல்போர்ன் பிரபுவுக்கும் தன் மனைவிக்கும் தொடர்பு என்று வழக்கும் போட்டார். வழக்கு தோற்றுப்போனது. ஆனாலும் பிள்ளைகள் அவரிடம்தான். பிள்ளைகளைப் பார்க்க விடுங்கள் என்று கேட்கக்கூட அந்தத் தாய்க்குச் சட்டத்தில் இடமில்லை.

அவர் சும்மா அழுதுகொண்டு உட்காரவில்லை. துண்டுப் பிரசுரம் எழுதினார், பாராளுமன்றத்தில் தெரிந்தவர்களை எல்லாம் பிடித்தார். 1839-ல் ஒரு சட்டம் வந்தது. பிரிந்து வாழும் தாய், ஏழு வயசுக்குள் இருக்கும் பிள்ளைகளைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லியும், அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பார்க்க அனுமதி கேட்டும் கோர்ட்டுக்குப் போகலாம். அவள் நடத்தை கெட்டவள் என்று கோர்ட் ஏற்கெனவே சொல்லியிருக்கக் கூடாது என்று அதிலும் ஒரு முடிச்சு. புருஷனுக்கு அப்படி எந்த முடிச்சும் போடவில்லை. கவனித்தீர்களா?

சட்டம் வந்தும் கரோலினுக்கு அது கைகொடுக்கவில்லை. பிள்ளைகளை ஸ்காட்லாந்தில் வைத்திருந்தார்கள், இந்தச் சட்டம் அங்கே செல்லாது. 1842-ல் கடைசி மகன் குதிரையிலிருந்து விழுந்து அடிபட்டு, அதிலேயே செத்துப்போனான். தாய்க்குத் தகவல் போய் அவர் வந்து சேர்ந்தபோது உயிர் இல்லை. அதற்குப் பிறகுதான் மற்ற இரண்டு பிள்ளைகளைப் பார்க்கத் தகப்பன் விட்டார். இதைப் படித்த ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அந்த ஜார்ஜ் நார்ட்டன்மேல் கோபம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து நம்ம தீர்மான நோட்டு ஞாபகம் வந்தது. அவர் ஒரு தாயைத் தடுத்தார், நாங்கள் ஒரு தகப்பனைத் தடுத்தோம். அவரும் நாங்களும் ஒன்றல்ல. அடித்தவர் அவர், நாங்கள் அடிபட்டவள் பக்கம் நின்றவர்கள். ஆனால் ஜன்னலில் நின்று வழியைப் பார்க்கிற பிள்ளைக்கு இந்த வித்தியாசம் தெரியுமா?

அடுத்து ஒரு அம்மாள். இவர் பெயர் உங்களுக்குத் தெரிந்ததுதான், சென்னையில் பெசன்ட் நகர் இருக்கிறதே, அந்த அன்னி பெசன்ட். புருஷன் ஃபிராங்க் பெசன்ட் ஒரு பாதிரியார். 1873-ல் சட்டப்படி பிரிந்தார்கள். மகன் அப்பாவிடம், மகள் அம்மாவிடம் என்று ஏற்பாடு. இந்த அம்மாள் கடவுள் நம்பிக்கையை விட்டுவிட்டார், மேடை ஏறிப் பேசினார். 1877-ல், குடும்பக் கட்டுப்பாடு பற்றிய ஒரு புத்தகத்தை வெளியிட்டதற்காக அவர்மேல் கேஸ் நடந்தது. அதைக் காரணம் காட்டித் தகப்பன் கோர்ட்டுக்குப் போக, 1878-ல் ஏழு வயசு மகள் மேபலைத் தாயிடமிருந்து பறித்துக் கொடுத்துவிட்டார்கள். மறுபடி முறையிட்டதில் பார்க்கலாம் என்று மட்டும் அனுமதி கிடைத்தது. ஒவ்வொரு முறை பார்த்துப் பிரியும்போதும் பிள்ளைகள் படுகிற பாட்டைப் பார்த்து, அவர்கள் வளரும்வரை போய்ப் பார்ப்பதையே நிறுத்திக்கொண்டார். பிள்ளைகள் மேஜர் ஆனதும் இரண்டு பேரும் தாங்களாகவே அம்மாவைத் தேடி வந்துவிட்டார்கள். கோர்ட்டு பிரித்து வைத்தாலும் வளர்ந்த பிள்ளை வழி கண்டுபிடித்துப் போய்விடும். நடுவில் போன வருஷங்களைத்தான் யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

அந்த அம்மாளே 1893-ல் தூத்துக்குடியில் வந்து இறங்கி, பிறகு சென்னை அடையாறில் பிரம்மஞான சபையின் தலைவியானார். இங்கேதான் கதை திரும்புகிறது. சபையில் வேலை பார்க்க வந்தவர் நாராயணையா. வேலையில் ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தி உலகத்துக்கு ஆசானாக வரப்போகிறவன் என்று சபைக்காரர்கள் நம்பினார்கள். 1910-ல் நாராயணையா இரண்டு மகன்களுக்கும் கார்டியனாக அன்னி பெசன்டை வைத்து எழுதிக் கொடுத்தார். பிள்ளைகளை இங்கிலாந்துக்குக் கூட்டிப் போனார்கள். 1912-ல் தகப்பன் மனசு மாறி, பிள்ளைகளைத் திருப்பிக் கொடு என்று வழக்குப் போட்டார். 1913-ல் சென்னை ஐகோர்ட் தகப்பன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அன்னி பெசன்ட் தன் வழக்கைத் தானே வாதாடினார். 1914-ல் லண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. பிள்ளைகள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள், அவர்கள் நலன் என்ன, அவர்கள் விருப்பம் என்ன என்று யாரும் விசாரிக்கவில்லையே என்பது அதில் முக்கியமான காரணம்.

பெற்ற மகளைக் கோர்ட்டில் இழந்த ஒரு தாய், இன்னொரு தகப்பன் பிள்ளைகளைக் கேட்டு வந்தபோது எதிர்த்து நின்று வாதாடியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் நாம் பட்ட காயம் நமக்கு மட்டுந்தான் தெரிகிறது, எதிரில் நிற்கிறவருக்கும் அதே காயம் என்பது தெரிய மாட்டேன் என்கிறது. என் விஷயத்திலும் அப்படித்தான் நடந்தது.

நம்ம நாட்டுச் சட்டத்துக்கு வருகிறேன். மைனர் பிள்ளைகளின் கார்டியன் யார் என்பதற்கு 1890-ல் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டான். அது இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. எல்லா மதத்துக்கும் பொருந்தும். பிள்ளையின் நலன்தான் பார்க்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. பிள்ளைக்கு விவரம் தெரிகிற வயசானால் அதன் விருப்பத்தையும் ஜட்ஜ் கேட்கலாம் என்றும் இருக்கிறது. ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு, தகப்பன் உயிரோடு இருந்து, தகுதியில்லாதவர் என்று கோர்ட் நினைக்காதவரைக்கும் வேறு யாரையும் கார்டியனாகப் போட முடியாது என்றது. அந்த இடத்தில் தாயின் பெயரும் சேர்ந்தது 2010-ல். நூற்று இருபது வருஷம் ஆனது ஒரு வார்த்தை சேர!

ஒரு விஷயம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நம்மவர்களுக்கு ரொம்ப உபயோகம். பிள்ளை வழக்கமாக எந்த ஊரில் வசிக்கிறதோ, அந்த எல்லைக்குள் இருக்கும் கோர்ட்டில்தான் இந்தச் சட்டத்தில் மனு போட வேண்டும். புருஷன் எங்கேயோ ஒரு ஊரில் கேஸ் போட்டு நம்மை அலைய விடுவேன் என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம், வக்கீலிடம் இதைக் கேளுங்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1956-ல் இந்துக்களுக்கு மட்டும் தனிச் சட்டம். இயற்கையான கார்டியன் தகப்பன், அவருக்குப் பிறகு தாய் என்று எழுதினார்கள். ஐந்து வயசு முடியாத பிள்ளை மட்டும் சாதாரணமாகத் தாயிடம் இருக்கும். அதே சட்டத்தின் கடைசியில், எல்லாவற்றுக்கும் மேலே பிள்ளையின் நலன்தான் பெரிசு என்றும் ஒரு பிரிவு. முஸ்லிம் சகோதரிகளுக்கு இது வேறு மாதிரி. ஹனஃபி முறைப்படி ஆண் பிள்ளை ஏழு வயசு வரைக்கும், பெண் பிள்ளை பெரிய மனுஷியாகும் வரைக்கும் தாயிடம் வளரலாம், கார்டியன் என்னவோ தகப்பன்தான். கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் வருஷத்து விவாகரத்துச் சட்டம் இருக்கிறது, பிள்ளை யாரிடம் என்பதை அந்த வழக்கிலேயே கோர்ட் முடிவு செய்யலாம்.

இந்த "தகப்பனுக்குப் பிறகு தாய்" என்ற வார்த்தையில் சிக்கிக்கொண்ட கதை ஒன்று உண்டு. கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மைனர் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனார். கார்டியன் இடத்தில் தாய் கையெழுத்துப் போட்டார். தகப்பன் கையெழுத்து வேண்டும் என்று திருப்பிவிட்டார்கள். நாமும் பேங்கில் பிள்ளைக்குக் கணக்குத் தொடங்கப் போய் "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கம்மா" என்று கேட்டவர்கள்தானே! நாம் வெயிலில் திரும்பி வந்தோம். அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1999 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. "பிறகு" என்றால் தகப்பன் செத்த பிறகு என்று அர்த்தமில்லை. தகப்பன் பிள்ளையைக் கவனிக்காமல் இருந்தாலோ, இரண்டு பேரும் பேசி தாயிடம் விட்டிருந்தாலோ, அவர் ஊரிலேயே இல்லாவிட்டாலோ, தாயும் கார்டியன்தான் என்று நீதிபதிகள் சொன்னார்கள். இதே தீர்ப்பில் சேர்ந்து வந்த இன்னொரு மனு வந்தனா சிவாவுடையது, விதைகளைக் காப்பாற்றப் பேசுகிறவர். "விதை அவனுது" என்ற பேச்சுக்கு அவரும் சேர்ந்து பதில் சொன்னதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

இதுவரைக்கும் சொன்னது தாய் மேலே ஏறி வந்த கதை. சண்டை போட்டு, பிள்ளையை இழந்து, அடி அடியாக வந்த பாதை. இதில் ஒரு அடிகூட நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் கதையின் இன்னொரு பக்கமும் சேர்ந்தே நடந்து வந்திருக்கிறது. 1973-ல் சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது, பிள்ளைகள் பெற்றோரின் சொத்தோ விளையாட்டுச் சாமானோ அல்ல என்று. யாருக்கு உரிமை என்று பார்த்த காலம் போய், பிள்ளைக்கு எது நல்லது என்று பார்க்கிற காலம் வந்தது. 1984-ல் குடும்ப நீதிமன்றச் சட்டம் வந்தது. அங்கே முதலில் பேசிச் சமாதானம் செய்து பார்க்க வேண்டும், கவுன்சிலர் இருப்பார், வேண்டும் என்றால் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு விசாரிக்கலாம். 2005-ல் சென்னை ஐகோர்ட்டிலேயே சமரச மையம் ஆரம்பித்தார்கள். 2015-ல் சட்ட ஆணையம் ஒரு அறிக்கை கொடுத்தது. பிரிந்த பிறகும் தாய், தகப்பன் இருவரும் சேர்ந்து பிள்ளையின் பொறுப்பை ஏற்க வழி வேண்டும் என்று அதில் சிபாரிசு. 2020-ல் ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட், பிள்ளைக்கு இரண்டு பேருடைய அன்பும் கிடைப்பது பிள்ளையின் உரிமை என்றது. பிள்ளை யாரிடம் இல்லையோ அவர் முடிந்த அளவு நேரில் பார்க்க வேண்டும், நேரில் முடியாத நாளில் போனிலோ வீடியோ காலிலோ பேச வேண்டும் என்றும் சொன்னது.

பார்ப்பது பிள்ளையின் உரிமை. இந்த வார்த்தையைத் தாலுகா கோர்ட்டில் நடந்த ஒரு சட்ட விழிப்புணர்வு முகாமில் வக்கீலம்மா ஒருத்தர் வாயால் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. நான் அவரிடம் தனியாகப் போய், "நாங்க குழுவுல தீர்மானம் போட்டிருக்கோம்மா, செல்லுமா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அக்கா, போலீஸ் ஸ்டேஷன்லயே அத முடிவு பண்ண முடியாது. ஜட்ஜ் மட்டும்தான் முடிவு பண்ணலாம். நீங்க பேசி வைக்கலாம், தடை போட முடியாது" என்றார்.

அந்தத் தகப்பனைப் பற்றி இப்போது சொல்கிறேன். மூன்று வருஷம் அவர் ஊருக்குள் வரவில்லை. பொங்கலுக்கு, தீபாவளிக்கு பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்பார். கையில் ஒரு பை. கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவார். பை வீட்டுக்குப் போகும், தங்கச்சி திருப்பி அனுப்புவாள். குடியை விட்டுவிட்டார் என்று பெங்களூர் போய் வந்தவர்கள் சொன்னார்கள். நாங்கள் நம்பவில்லை. குடிக்கிறவன் விட்டேன் என்று சொல்வதை நம்பி ஏமாந்தவர்கள் நம்ம கூட்டமைப்பில் எத்தனை பேர்!

கடைசியில் வந்தது தங்கச்சிதான். ஒரு வாரக் கூட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பினப்புறம் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். "அக்கா, பள்ளிக்கூடத்துல குடும்பப் படம் வரையச் சொன்னாங்களாம். புள்ளை பஸ் ஸ்டாப்பு வரைஞ்சு, அதுல ஒரு ஆளு நிக்கிற மாதிரி வரைஞ்சிருக்குது" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நோட்டைக் காட்டினாள். ஆளுக்குக் கையில் பை இருந்தது. முகம் வரையவில்லை.

"அவங்கூட வாழச் சொல்லாதீங்க. அது மட்டும் முடியாது" என்றாள். சொல்லவே மாட்டோம் என்று சத்தியம் செய்துதான் நாங்கள் அடுத்த வேலையை ஆரம்பித்தோம். இதை அழுத்திச் சொல்கிறேன். அப்பனையும் பிள்ளையையும் சேர்ப்பது வேறு, புருஷன் பொண்டாட்டியைச் சேர்ப்பது வேறு. நம்ம ஊர்ப் பெரியவர்கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டி, "பிள்ளைக்காகப் போய் வாழு" என்று சொல்லித்தான் எத்தனையோ பெண்களைத் திரும்ப அந்த அடிக்கே அனுப்பினார்கள். தெருக்கூத்தில் அல்லி மதுரையில் தனியாக ஆண்டாள், புலந்திரன் அம்மாவிடம்தான் வளர்ந்தான். பிள்ளை பவளத்தேர் கேட்டபோது பவளம் தேடிப் போனவன் அர்ச்சுனன். கூத்துப் பார்க்கிற யாரும் அதில் குற்றம் கண்டதில்லை.

வட்ட சட்டப் பணிகள் குழுவில் போய் மனு எழுதிக் கொடுத்தோம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே வக்கீல் இலவசம், 1987-ஆம் வருஷச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆண்களுக்கு வருமான வரம்பு உண்டு, எஸ்.சி., எஸ்.டி. என்றால் அந்த வரம்பும் கிடையாது. கேஸ் போடாமலே இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேச வைப்பார்கள். ஒத்து வந்தால் லோக் அதாலத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது. கோர்ட் கட்டணமும் கிடையாது.

அந்த மனிதர் வந்தார். சட்டை இஸ்திரி போட்டிருந்தார். பேசுவதற்கு முன்னால் வக்கீலம்மா மூன்று விஷயம் கேட்டார். பிள்ளையை எப்போதாவது அடித்தாயா? குடித்துவிட்டு வந்தால் பார்க்க முடியாது, சம்மதமா? செலவுக்குப் பணம் மாசா மாசம் பேங்கில் போடுவாயா? முதல் கேள்விக்கு அவர் தலையைக் குனிந்துகொண்டு, "புள்ளைய அடிச்சதில்லீங்க. அவளத்தான்" என்றார். தங்கச்சி அதை மறுக்கவில்லை. அவள் மறுத்திருந்தால் கதையே வேறு. 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், தகப்பன் பார்ப்பது பிள்ளைக்குக் கெடுதல் என்று மாஜிஸ்திரேட் நினைத்தால் பார்க்கவே விடக்கூடாது என்று உத்தரவு போடலாம். பிள்ளையை அடிக்கிறவன், பிள்ளையிடம் தப்பாக நடக்கிறவன், இவர்களுக்காக நம்ம யாரும் பரிந்து பேசப் போக வேண்டாம். அப்படித் தெரிந்தால் 1098-க்குப் போன் பண்ணுங்கள்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பணம் கொடுத்தால்தான் பிள்ளையைக் காட்டுவேன் என்று தாயும், பிள்ளையைக் காட்டினால்தான் பணம் கொடுப்பேன் என்று தகப்பனும் சொல்வது நம்ம பக்கம் வழக்கம். இரண்டும் தனித்தனி. ஜீவனாம்சம் வராவிட்டால் அதற்குத் தனியாக மனு போட வழி இருக்கிறது. பிள்ளையை நடுவில் வைத்து பேரம் பேசினால், பெரிய ஆளானதும் அது நம்ம இரண்டு பேரையும் சேர்த்துத்தான் கேள்வி கேட்கும்.

மாசத்தில் இரண்டு ஞாயிறு, காலை பத்து முதல் பன்னிரண்டு வரை என்று எழுதினார்கள். எங்கே என்பதில்தான் இழுபறி. அவள் வீட்டுக்கு அவர் வரக்கூடாது என்றாள். கோர்ட் வராந்தா வேண்டாம் என்றேன் நான். ஒரு கோர்ட்டில் நான் பார்த்திருக்கிறேன், பெஞ்சில் பிள்ளையை உட்கார வைத்து அப்பா பிஸ்கட் ஊட்டுவார், பக்கத்தில் விலங்கு போட்ட கைதியைக் கூட்டிப் போவார்கள். அப்போது தலைவி அக்காதான், "நம்ம கூட்டமைப்புக் கட்டடம் ஞாயித்துக்கிழம பூட்டித்தான கிடக்குது" என்றார்கள். சாவி என்னிடம் கொடுத்தார்கள்.

முதல் ஞாயிறு பிள்ளை பேசவில்லை. இரண்டு மணி நேரமும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவர் பையிலிருந்து ஒரு பொம்மை எடுத்தார். ஆறு வயசுப் பிள்ளைக்கு வாங்குகிற பொம்மை. இப்போது அதற்கு ஒன்பது வயசு. அதை அவரே பார்த்துவிட்டு மறுபடி பையில் வைத்தார். பன்னிரண்டு மணிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று அழுதார், ஆம்பிளை அழுது நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. இரண்டாவது தடவையும் பேச்சில்லை. மூன்றாவது தடவை பிள்ளை கணக்கு நோட்டைக் கொண்டு வந்தது. அவர் எட்டாவதோடு நின்றவர். வகுத்தல் கணக்கில் இரண்டு பேரும் திணறினார்கள். "தப்புப்பா" என்று ஒரு சத்தம் கேட்டு நான் வரவு செலவு நோட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தேன். அப்பா என்று கூப்பிட்டதை அந்தப் பிள்ளை கவனிக்கவே இல்லை, அழித்து எழுதிக்கொண்டிருந்தது.

எல்லாம் சுகமாக நடந்தது என்று எழுதினால் பொய். ஒரு ஞாயிறு அவர் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. பிள்ளை பன்னிரண்டு மணி வரை படியில் உட்கார்ந்திருந்தது. அடுத்த தடவை வந்தபோது நான் நன்றாகத் திட்டினேன். கான்கிரீட் போடுகிற நாள், மேஸ்திரி விடவில்லை என்றார். "அத மொதநாளே சொல்லத் தெரியாதா?" என்றேன். அதிலிருந்து சனிக்கிழமை ராத்திரி போன் வந்துவிடும். தங்கச்சிக்கும் மனசு ஏறி இறங்கியது. பிள்ளை அப்பாவைப் பற்றிச் சிரித்துப் பேசினால் அவளுக்கு நெஞ்சு எரியும். "மூணு வருஷம் நான் ஆடு மேச்சு வளத்தேன், ரெண்டு ஞாயித்துக்கிழமயில அவன் நல்லவனாயிட்டான்" என்று என்னிடம் வந்து கத்தினாள். அவள் சொன்னதில் தப்பு இல்லை. நான் பதில் சொல்லவில்லை, டீ போட்டுக் கொடுத்தேன்.

நம்ம மாவட்டத்தில் 1989-ல் முதல் குழுக்கள் ஆரம்பித்தபோது, இது சேமிப்புக்கும் கடனுக்கும் என்றுதான் வந்தோம். வீட்டுக்கு வீடு நடக்கிறதை எழுத நோட்டில் தனிப் பக்கம் கிடையாது. இன்றைக்கு அந்தக் கட்டடத்தின் பின் அறையில் ஒரு பாய், ஒரு கேரம் போர்டு, தண்ணீர்க் குடம் இருக்கிறது. இந்தத் தங்கச்சியின் பிள்ளையைத் தவிர இன்னும் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் இப்போது அங்கே வந்து போகின்றன. ஒரு வீட்டில் அப்பாவிடம் வளர்கிற பையன், அம்மா வந்து பார்க்கிறாள்.

பழைய தீர்மானத்தை என்ன செய்வது என்று போன ஆண்டுக் கூட்டத்தில் கேட்டேன். கிழித்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். தீர்மான நோட்டில் பக்கம் கிழித்தால் ஆடிட்டில் மாட்டுவோம் என்று ஊக்குநர் சொன்னார். அதனால் அதே பக்கத்தின் கீழே, "மேற்படி தீர்மானம் ரத்து செய்யப்படுகிறது" என்று எழுதித் தேதி போட்டோம். பன்னிரண்டு பேரில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. மீதிப் பத்து பேரும் கையெழுத்துப் போட்டோம். தங்கச்சி கடைசியாகப் போட்டாள்.